பேக்கரின் பெருந்துவக்கு

கண்டியிலிருந்து வடதிசை நோக்கி மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை ஆகிய ஊர்களைத் தொடுத்துச் செல்லும் நெடுஞ்சாலை மலையகத் தமிழர் வரலாற்றில் தனியிடம் பெற்றதாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மன்னார்க் கரையில் வந்திறங்கிய தமிழகத்துத் தொழிலாளர், கோப்பித் தோட்டங்களை நாடி, நீரற்ற காடுகளைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தது இவ்வழியேதான். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இடைவழியில் மடிந்தோர் பலர். அதே சாலையில் எதிர்த்திசையில் குதிரையேறிச் சென்ற இன்னொரு கூட்டமும் அக்காலத்தில் இருந்தது. அவர்கள் வேட்டை விருப்பங்கொண்ட ஆங்கிலக் கனவான்கள். வறண்ட காட்டு யானைகளும், மின்னேரிக் குளத்தங்கரை எருமைகளும் அவர்களை வடக்கே இழுத்தன.

அக்கூட்டத்தாருள் பிற்காலத்தில் உலகப் புகழ் எய்தியவர் சேர் சாமுவேல் வைற் பேக்கர். நைல் நதியின் மூலங்களுள் ஒன்றாகிய அல்பேர்ட் ஏரியை ஐரோப்பியருள் முதன்முதற் கண்டவர் என்று பாடநூல்கள் அவரை அறிமுகஞ் செய்கின்றன. ஹோட்டன் சமவெளிக்குச் சென்றவர்கள் அவர் பெயரால் வழங்கும் பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கண்டிருப்பார்கள். ஆயினும் அவரது வாழ்வை ஆராய்வோர் பெரும்பாலும் விரைந்து கடந்துபோகும் ஒரு பகுதியையே நான் இங்கு விரித்துரைக்க விரும்புகின்றேன். அது துவக்குக் குழலைப் பற்றியது. எடுக்கும் குண்டின் பாரத்துக்கு ஏற்பக் குழலினுள் வரிப்பள்ளங்களின் முறுக்கு எவ்வளவு இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு, அவர் பத்தொன்பதாம் வயதிலேயே தமக்கென ஒரு விடை கண்டார். அந்த விடையிலே அவரது அறிவின் கூர்மையும் தெரிகின்றது; அவ்வறிவு எட்டாமல் நின்ற எல்லையும் தெரிகின்றது.

இளமையும் முதற் கருவியும்

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் பெருஞ் செல்வர். கப்பல் வாணிகம் செய்தவர். ஜமேக்காவிலும் மொரிசியஸ் தீவிலும் கரும்புத் தோட்டங்கள் உடையவர். அடிமைகளின் உழைப்பால் விளைந்த சர்க்கரையின் செல்வத்தில் வளர்ந்த பிள்ளையே பிற்காலத்தில் அடிமை வாணிகத்தை ஒடுக்கப் படையெடுத்தார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று. ஏட்டுக் கல்வியைக் காட்டிலும் ஓட்டமும் சவாரியும் குறிபார்த்தலும் அவருக்கு உவப்பாயிருந்தன. ஆனால் அவர் வெறும் முரட்டு வாலிபர் அல்லர். எந்தக் கருவியைக் கையிலெடுத்தாலும் அது ஏன் அவ்வாறு செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்கும் இயல்பு அவரிடம் இளமையிலேயே குடிகொண்டிருந்தது.

1840ஆம் ஆண்டில் அவர் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளரை அணுகித் தம் எண்ணப்படி ஒரு பெருந்துவக்கைச் செய்வித்தார். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். உள்ளே அகன்று ஆழ்ந்த இரண்டே வரிப்பள்ளங்கள். அவை குழலின் முழு நீளத்துக்கும் ஒருமுறை மட்டுமே சுற்றி வருமாறு அமைக்கப்பட்டன. அதில் இடும் உருண்டைக் குண்டு 3 அவுன்ஸ். கூம்புக் குண்டு 4 அவுன்ஸ். வெடிமருந்தோ 16 திராம், அதாவது ஒரு முழு அவுன்ஸ். உருண்டைக் குண்டின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு மருந்து! சுழல்வரித் துவக்குகளில் மிகச் சொற்ப மருந்தே இட்டுவந்த அந்நாளில் இது கேட்டோரைத் திகைக்கச் செய்யும் அளவாகும்.

முறுக்கின் தத்துவம்

இந்த அமைப்பின் அருமையை உணர்வதற்கு முறுக்கு என்பது யாது என்று சிறிது விளங்கிக்கொள்ளுதல் நன்று.

பம்பரம் சுழலும்வரை நிமிர்ந்து நிற்கின்றது. சுழற்சி குன்றியதும் தள்ளாடிச் சாய்கின்றது. குண்டின் இயல்பும் இத்தகையதே. வழுவழுப்பான குழலிலிருந்து புறப்படும் உருண்டை, தன் மேனியிலுள்ள சிறு மேடுபள்ளங்களாலும், குழலைவிட்டு நீங்கும்போது தற்செயலாய்ப் பெற்ற உருளலாலும் திசை மாறுகின்றது. அதற்குப் பரிகாரமாகக் குழலின் உட்சுவரில் திருகாணிபோல் வளைந்தோடும் பள்ளங்களை வெட்டினார்கள். ஈயக் குண்டு அப்பள்ளங்களைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளிவரும். எத்தனை அங்குலத் தூரத்தில் பள்ளம் ஒரு முழுச்சுற்றுச் சுற்றுகின்றதோ அதுவே முறுக்கின் அளவு. 36 அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் மெதுவான முறுக்கு. 10 அங்குலத்தில் ஒரு சுற்று என்றால் வேகமான முறுக்கு. பேக்கரின் குழலிலிருந்து ஒரு குண்டு விநாடிக்கு 1500 அடி வேகத்திற் புறப்படுவதாகக் கொள்வோமாயின், அது விநாடிக்கு 500 முறை சுழன்று செல்லும்.

உருண்டைக்கு மிகுந்த சுழற்சி வேண்டுவதில்லை. எப்புறம் திரும்பினும் அதன் வடிவம் ஒன்றே. நீண்ட குண்டின் நிலை வேறு. காற்றின் எதிர்ப்பு அதன் முனையைப் புரட்டித் தள்ள முயல்கின்றது. குண்டு நீள நீள அந்தப் புரட்டும் வலிமை பெருகுகின்றது. அதனை அடக்கச் சுழற்சியும் பெருக வேண்டும். ஒரே விட்டமுள்ள குண்டுகளில் பாரம் கூடியது நீளமும் கூடியதாயிருக்கும். ஆகவேதான் வேட்டைக்காரர் பாரமான குண்டுக்கு வேகமான முறுக்கு என்று சுருக்கிச் சொல்கின்றனர். உண்மையில் முறுக்கை நிர்ணயிப்பது பாரமன்று. விட்டத்தோடு ஒப்பிட்ட நீளமே. இந்த நுட்பத்தை மாணாக்கர் மறவாதிருத்தல் வேண்டும்.

முறுக்கை வேண்டிய அளவுக்கு மேல் விரைவாக்கிவிட்டால் என்ன கேடு? அக்காலத்துக் குண்டு மெல்லிய ஈயம். பெருமருந்து வெடித்து அதனை முன்னே உந்தும்போது, விரைந்து வளையும் ஆழமற்ற பள்ளத்தைப் பின்பற்ற இயலாமல் அது பிய்ந்து நேரே வழுக்கிக்கொண்டு போய்விடும். சுழற்சியும் இல்லை, குறியும் இல்லை. இதனை அஞ்சியே துவக்குத் தொழிலாளர் மருந்தைக் குறைத்தனர். மருந்து குறைந்தால் வேகம் குறையும். காகிதக் குறியைத் துளைக்க அது போதும். யானையின் மண்டையோட்டைத் துளைக்கப் போதாது.

இந்தச் சிக்கலைப் பேக்கர் பள்ளத்தைக் கொண்டு அவிழ்த்தார். குண்டின் நடுவிலே ஒட்டியாணம் அணிந்ததுபோல ஒரு பட்டை எழும்பி நிற்கும். அப்பட்டை இரு ஆழ்ந்த பள்ளங்களிலும் இறுகப் பொருந்திக்கொள்ளும். இனி எவ்வளவு மருந்தை இட்டாலும் குண்டு வழுக்குவதற்கு இடமில்லை. பட்டை பூண்ட குண்டு அக்காலத்துப் பிரித்தானியப் படையின் பிரன்ஸ்விக் துவக்கிலும் இருந்ததுதான். ஆனால் அதனைப் பெருமருந்தோடும் பெருங்குண்டோடும் இணைத்துப் பெருவிலங்கு வேட்டைக்கு உரியதாக்கிய துணிவு பேக்கருடையது.

இலங்கை வாழ்வு

1843இல் ஹென்றியெற்றா மார்ட்டின் என்னும் நங்கையை மணந்த பேக்கர், சில காலம் மொரிசியஸ் தீவில் தந்தையாரின் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, 1846இல் இலங்கைக்கு வந்தார். வரவழைத்தது வேட்டையின் ஆசையே. நுவரெலியாவில் காய்ச்சலிலிருந்து உடல்நலம் தேறியபோது அவ்விடத்துக் குளிர்ந்த காற்று அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவிவிடத் துணிந்தார். 1848 செப்டெம்பரில் இங்கிலாந்திலிருந்து ஒரு கப்பலில் குடியானவர்களும், கருவிகளும், உயர்சாதி மாடுகளும், வேட்டை நாய்களும் புறப்பட்டன.

அதே 1848ஆம் ஆண்டு மாத்தளைக்கும் மறக்கவொண்ணாத ஆண்டாகும். ஜூலை 26ஆந் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினர். புதிய வரிகளை எதிர்த்துக் கிளர்ந்த மக்களை ஆங்கிலப் படை அடக்கியது. ஆகஸ்டு 8ஆந் திகதி புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டார். மலைநாட்டு மக்கள் தம் நிலத்துக்காக உயிர்விட்ட சில வாரங்களுக்குள், அந்த மலைகளிலே குடியேறுவதற்கு ஓர் ஆங்கிலக் குடும்பம் கப்பலேறியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குங்கால் அக்காலத்தின் முகம் நமக்குத் தெளிவாகத் தெரிகின்றது.

குடியேற்றத்தில் பேக்கர் பட்ட துன்பங்கள் பல. மாடுகள் மாண்டன, உருளைக்கிழங்கைப் புழு அரித்தது, மண் பார்வைக்குக் கறுத்திருந்தும் சத்தற்றதாயிருந்தது. அவர் சோர்ந்தாரல்லர். மண்ணின் தன்மையை ஆராய்ந்தார், எருவிட்டுத் திருத்தினார். ஓய்வு வேளைகளில் நாய்களை ஏவி, கையில் கத்தி மாத்திரம் ஏந்தி, மலைச்சரிவுகளில் மரைகளை வேட்டையாடினார். யானை வேட்டைக்கோ தாழ்ந்த காட்டுப் பிரதேசங்களுக்கு இறங்குவார். அப்பொழுது அவருடன் சென்ற படைக்கலங்களுள் தலைமையானது அந்த 21 இறாத்தல் ஒற்றைக்குழற் பெருந்துவக்கு. அடுத்தது 16 இறாத்தல் நிறையுள்ள 2 அவுன்ஸ் துவக்கு. இவற்றோடு இரட்டைக் குழற் துவக்குகள் நான்கு. இவற்றைச் சுமந்து அவர் பின்னே ஓசையின்றி நடந்து, ஒன்று வெடித்தவுடன் மற்றொன்றைக் கையில் கொடுத்துவந்தோர் இந்நாட்டு மக்கள். சினங்கொண்ட யானையின் எதிரே துவக்கில்லாத கையோடு நின்றவர்கள் அவர்களே. வேட்டை நூல்களின் பெருமை சுட்டவருக்கே போயிற்று. தாங்கி நின்றவர்க்குச் சென்றது அற்பமே.

மின்னேரியில் நிகழ்ந்த ஒரு செய்தியை அவர் தம் முதல் நூலில் சுவைபட எழுதியுள்ளார். குளக்கரைச் சமவெளியில் எருமைகளைத் தொடர்ந்து நெடுந்தூரம் சென்றபோது குண்டுகள் தீர்ந்துபோயின. காயமுற்ற கிடா எருமையொன்று எதிர்த்து வந்தது. மருந்து மாத்திரம் கையிலிருந்தது. சட்டைப்பையில் கிடந்த ஆறு பென்ஸ் வெள்ளி நாணயங்களைத் துணியில் முடிந்து, இரட்டிப்பு மருந்தின் மேல் இட்டுக் கெட்டித்து, அது மிக நெருங்கி வரும்வரை காத்து நின்று சுட்டார். எருமை வீழ்ந்தது; ஆனால் இறக்கவில்லை. அதிர்ச்சியால் மயங்கிக் கிடந்த அது மீண்டும் எழ முயன்றது. அதற்குள் வேட்டைக்காரர் ஓடித் தப்பினர். இக்கதையைப் பலர் அவரது சமயோசித புத்திக்குச் சான்றாகச் சொல்வர். எனக்கோ இது துவக்கியலில் ஒரு பாடமாகவே தோன்றுகின்றது. மருந்து இரு மடங்கு இருந்தும் கொல்லும் வலிமை இல்லை. ஏனெனில் சிதறும் நாணயத்துக்குப் பாரமும் ஒன்றுசேராது, சுழற்சியும் அமையாது, ஊடுருவலும் கிட்டாது. மருந்தின் வேகமும், குண்டின் பாரமும், குழலின் முறுக்கும் ஒன்றுக்கொன்று இசைந்தாலன்றி எந்த ஒன்றின் மிகுதியும் பயன்படுவதில்லை.

இந்தியாவிலிருந்து வந்த மறுவிடை

பேக்கர் கண்ட விடையே முடிந்த விடை அன்று. மத்திய இந்தியாவில் கடமையாற்றிய ஜேம்ஸ் ஃபோர்சைத் என்னும் படைத்தலைவர், வேட்டைத் துவக்கைப் பற்றி 1863இல் வெளிவந்த நூலொன்றில் வேறு வழி காட்டினார். பள்ளத்தை ஆழப்படுத்தி, குண்டுக்குப் பட்டை பூட்டி வருந்துவானேன்? முறுக்கையே மிகமிகத் தளர்த்திவிட்டால் போதாதா? உருண்டைக்கு வேண்டிய சுழற்சி மிகச் சிறிதே. ஆகவே 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் மெதுவான முறுக்கை அவர் வற்புறுத்தினார். அத்தகைய குழலில் சாதாரண உருண்டையே பெருமருந்தையும் தாங்கி வழுக்காமல் செல்லும்.

இருவருள் எவர் கூற்று மெய்? 1879இல் வூலிச் நகரில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஜோர்ஜ் கிறீன்ஹில் என்னும் பேராசிரியர் எளியதொரு சூத்திரத்தை வகுத்தார். குண்டின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். ஈயக் கருவுடைய குண்டுக்கு இன்றும் முதற் கணிப்பாக உதவும் சூத்திரம் இது. 1 அங்குல விட்டமும் 1¼ அங்குல நீளமும் உடைய கூம்புக் குண்டுக்கு இதனைப் பொருத்திப் பார்த்தால் 120 அங்குலம் வருகின்றது. பேக்கரின் 36 அங்குல முறுக்கு அதனினும் மும்மடங்குக்கு மேல் விரைவானது! அப்படியாயின் அவரது துவக்கின் வெற்றிக்குக் காரணம் முறுக்கின் அளவன்று. குண்டைப் பிடித்துக்கொண்ட பட்டையும் பள்ளமுமே என்பது தெளிவாகின்றது. ஃபோர்சைத் முறுக்கைத் தளர்த்தி வழுக்கலைத் தவிர்த்தார். பேக்கர் பிடியை இறுக்கித் தவிர்த்தார். சூத்திரம் பிறப்பதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பு, கண்ணும் கையுமே துணையாக ஓர் இளைஞர் இவ்வளவு தூரம் எட்டியது பாராட்டுக்குரியதே.

ஆபிரிக்கா

இலங்கை வாழ்வு பேக்கருக்கு இன்பமாகவே முடியவில்லை. பிள்ளைகளுள் சிலரை இழந்தார். காய்ச்சல் அவரையும் வாட்டியது. 1855இல் குடும்பத்தோடு நாடு திரும்பினார். அவ்வாண்டு டிசம்பரில் மனைவியார் காலமானார். 1859இல் பஞ்சாபின் கடைசி மன்னராயிருந்த மகாராஜா துலீப் சிங்கோடு தன்யூப் நதிக்கரையில் வேட்டை யாத்திரை சென்றபோது, விடின் நகரத்து அடிமைச் சந்தையிலிருந்து ஃபுளோரன்ஸ் என்னும் இளம்பெண்ணை மீட்டார். அவரே பின்னர் அவருக்கு மனைவியானார். ஆபிரிக்கப் பயணம் முழுவதிலும் பசியையும் காய்ச்சலையும் கலகத்தையும் அவரோடு ஒப்ப நின்று தாங்கினார். 1864 மார்ச் 14ஆந் திகதி இருவரும் அல்பேர்ட் ஏரியைக் கண்டனர்.

ஆபிரிக்க யானை பேக்கருக்குப் புதிய பாடம் புகட்டியது. இலங்கை யானையின் நெற்றியில் நேரே சுட்டால் குண்டு மூளையை எட்டும். ஆபிரிக்க யானையின் தலையமைப்பு வேறாதலால் அந்தக் குறி அங்கே பயன்படவில்லை. இலங்கையில் கற்ற வித்தையை அவர் அங்கே மறுபடியும் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியதாயிற்று. அங்கு அவர் கொண்டுசென்ற ஒரு துவக்கு அரை இறாத்தல் வெடிகுண்டை எறிவது. அவர் அதனைக் குழந்தை என்று செல்லப்பெயரிட்டழைத்தார். அரபு மக்களோ பீரங்கியின் பிள்ளை என்றனர். ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் அது சுட்டவரையே பம்பரம்போலச் சுழற்றியடித்தது. அதனை எடுப்பதற்கு அவரே அஞ்சினார். பாரம் கூடக்கூட நன்மையே விளையும் என்னும் எண்ணத்துக்கு அங்கே ஓர் எல்லை வந்துவிட்டது.

1866இல் சேர் பட்டம் பெற்றார். 1869 முதல் 1873 வரை எகிப்திய ஆட்சியாளரின் ஆணைப்படி நைல் நதியின் மேற்பகுதியில் அடிமை வாணிகத்தை ஒடுக்கும் படைக்குத் தலைமை தாங்கினார். அப்பணியின் பயனைப் பற்றி இன்றும் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. துவக்கினால் நிலைநாட்டிய நீதி, துவக்கு அகன்றதும் தளர்ந்துபோயிற்று என்பர்.

முதுமையின் தெளிவு

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் கழிந்த முதுமைக் காலத்தில், 1890ஆம் ஆண்டு, காட்டு விலங்குகளையும் அவற்றின் இயல்புகளையும் பற்றி இரு பாகங்களாக ஒரு நூல் எழுதினார். அதில் தம் முதற் பெருந்துவக்கை நன்றியோடு நினைவுகூர்ந்து, அதன் அளவுகளை விவரமாகக் குறித்துள்ளார். ஆனால் அப்பொழுது அவர் விரும்பிக் கையாண்டது .577 அங்குலக் குழலும் கெட்டி ஈயக் குண்டும் உடைய, எளிதில் தூக்கக்கூடிய துவக்கேயாகும். உள்ளே குழிவுள்ள இலகுவான குண்டுகள் பெருவிலங்கின் தோலிலேயே சிதறிக் கொடிய காயத்தை மட்டும் விளைவிக்கின்றன என்று அவர் கண்டித்தார். விலங்கின் உடல், குண்டின் பாரம், மருந்தின் வேகம் ஆகிய மூன்றையும் ஒருசேர எண்ணியே துவக்கைத் தெரிதல் வேண்டும் என்பது ஐம்பதாண்டுப் பயிற்சியின் பின் அவர் எய்திய முடிபு. 1893 டிசம்பர் 30ஆந் திகதி அவர் காலமானார்.

அவர் மறைந்த பின்னரும் இந்த வினா ஓயவில்லை. 1955இல் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரே அளவான இரு வேட்டைத் துவக்குகள் வெளிவந்தன. வின்செஸ்டர் நிறுவனம் .243 என்னும் துவக்கை 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைத்தது. அது 100 கிறெயின் பாரமுள்ள குண்டையும் செம்மையாக எறிந்தது. ரெமிங்டன் நிறுவனமோ .244 என்னும் துவக்கை 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக அமைத்தது. அது இலகுவான குண்டுகளுக்கே இசைந்தது. மான் வேட்டைக்குப் பாரமான குண்டை நாடிய மக்கள் முன்னதையே வாங்கினர். ரெமிங்டன் பின்னர் முறுக்கை 9 அங்குலமாக்கி, 1963இல் பெயரையும் 6 மில்லிமீற்றர் ரெமிங்டன் என்று மாற்றியும் இழந்த இடத்தைப் பிடிக்க இயலவில்லை. ஈயத்தின் நஞ்சை அஞ்சி முழுச் செம்பினாற் செய்யும் குண்டுகள் இக்காலத்தில் பரவி வருகின்றன. செம்பு ஈயத்தினும் இலேசானது. ஆதலால் அதே பாரத்துக்குக் குண்டு நீளமாகின்றது. நீளமாவதால் முறுக்கும் விரைவாக வேண்டியிருக்கின்றது. பாரத்தை மட்டும் பார்த்துக் குழலைத் தெரிவோர் இங்கேதான் தவறுகின்றனர்.

அளவும் அளவின்மையும்

இனி என் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருகின்றேன். ஒரு குண்டுக்கு எத்தனை திராம் மருந்து, எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இவ்வளவு நுணுகி அளந்த மனிதர், எத்தனை உயிர் என்னும் அளவை மட்டும் இளமையில் எண்ணிப் பார்க்கவில்லை. 1851 நவம்பரில் தம் சகோதரரோடும் நண்பர்களோடும் புறப்பட்ட ஒரு யாத்திரையில் மூன்று வாரத்துக்குள் ஐம்பது யானைகள் வீழ்த்தப்பட்டன என்று அவர் நூல் கணக்குத் தருகின்றது. இது அவர் ஒருவரின் குற்றமன்று. 1845இல் அப்புத்தளையில் இடி தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் ஏறக்குறைய 1,400 யானைகளைக் கொன்றவர் எனப்படுகின்றார். யானை ஒன்றுக்குச் சில சிலிங் என்று அரசாங்கமே வெகுமதி அளித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு அவ்வெகுமதி வழங்கப்பட்டதாக எமர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். பயிரைக் காத்தல் என்பது காரணமாகக் காட்டப்பட்டது. காரணம் எதுவாயினும், காட்டை அழித்துக் கோப்பி நட்டதும், யானையை அழித்துப் பாதை திறந்ததும் ஒரே முயற்சியின் இரு கைகளேயாகும்.

வேட்டையாடியோருள் சிலருக்கே பின்னர் கண் திறந்தது. 1894இல் தோட்டத் துரைமாரும் வேட்டைக்காரரும் கூடி விலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1937இல் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1984இல் மாத்தளை மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள வஸ்கமுவைக் காடு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பேக்கரின் பெருந்துவக்கை இன்று எவரேனும் இக்காட்டுக்குள் ஏந்திச் சென்றால் சிறைக்கே செல்வர்.

ஆனால் யானைக்கு ஆபத்து நீங்கிவிட்டதா? நீங்கவில்லை, அதன் வடிவமே மாறியிருக்கின்றது. 2022, 2023 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் நாடெங்கும் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. யானையால் மடிந்த மனிதரும் நூற்றுக்கு மேற்பட்டவர். தீனிக்குள் மறைத்து வைக்கப்படும் ஹக்கபட்டாஸ் என்னும் வெடி, கடித்த யானையின் வாயைச் சிதைத்து, உண்ண முடியாமற் பல நாள் வருத்திக் கொல்லுகின்றது. தம்புள்ளைப் பக்கத்திலும் லக்கலைப் பக்கத்திலும் ஓரிரவில் விளைச்சல் முழுவதையும் இழந்து நிற்கும் கமக்காரனின் துயரத்தை, பட்டணத்தில் வாழும் நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவன் பேக்கரைப்போல இன்பத்துக்காகக் கொல்பவன் அல்லன். பேக்கரின் நாளில் யானைக்கும் காடு இருந்தது, ஓட இடமிருந்தது. இன்று யானைக்கும் அவனுக்கும் இடையே இருப்பது ஒரு கம்பிவேலி மட்டுமே.

பேக்கரை வீரரென்று மாத்திரம் போற்றுவதும், கொலைஞரென்று மாத்திரம் தூற்றுவதும் ஆசிரியர்க்கு அழகன்று என்பது என் கருத்து. அவரிடம் கற்கத் தக்கது ஒன்றுண்டு. கருவி செயலுக்கு இசைய வேண்டும். மிகையும் குறையும் ஒன்றுபோலவே கேடு. ஒரு நாட்டிற் கற்றது மறுநாட்டிற் பொருந்தாவிடில் மீண்டும் கற்கச் சித்தமாயிருக்க வேண்டும். இதனை அவர் துவக்கிலே கடைப்பிடித்தார். அதே கோலை யானையும் மனிதனும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நிலத்திலும் வைத்து அளப்பது நம் தலைமுறைக்கு எஞ்சிய கடன். எத்தனை ஏக்கர் காடு எத்தனை யானைக்கு வேண்டும், எந்த வழி அவற்றின் வழி, எந்த வேலி எங்கே நிற்க வேண்டும் என்பனவெல்லாம் அளக்கக்கூடிய வினாக்களே. முறுக்கைக் கணக்கிட்ட அளவு நுணுக்கத்தோடு இவற்றைக் கணக்கிடுவோமாயின், வஸ்கமுவையிலிருந்து இறங்கும் யானைக்கும் லக்கலைக் கமக்காரனுக்கும் அதனால் நன்மை உண்டாகும்.